பெட்டியின் மூலை

பால் கேனோ ரேடியேட்டரோ, எது ஒழுகினாலும் பெரியப்பா ஈயத்தை உருக்கி அடைத்துவிடுவார். வெளிநாட்டில் இறந்த அப்பாவின் உடல் வந்த தகரப் பெட்டியையும் ஈயத்தால்தான் பற்றவைத்திருந்தார்கள்.

"உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை பெரியப்பா. திறங்க, அப்பா முகத்தை ஒரு தடவை பாத்துக்கிறேன்" என்று கெஞ்சினேன்.

விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தவர், ஒரு மூலையில் நின்று விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஈயம் உருக்கும் இரும்பைக் காய்ச்சினார். திறக்கப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் அந்த மூலையில் இன்னும் ஈயம் வைத்துவிட்டு எழுந்து போனார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒன்பது வருஷம் அவர் முகத்தில் விழிக்கவில்லை.

போன வாரம் வேறு ஆள் கிடைக்காமல் வண்டியை அவரிடம் கொண்டுபோனேன். ரேடியேட்டரைத் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்தவர், விரலைச் சட்டையில் துடைத்தார். நான் அந்த விரலையே பார்த்தேன்.

"அன்னைக்கு அந்த மூலை..."

"ஒழுகிட்டு இருந்துச்சும்மா" என்றார்.