ஐயாசாமியின் பசியாறல்

புஷ்பவள்ளிக்கு ஐம்பத்துமூன்று வயது. லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் பத்து பாகாட் டவுனுக்கு வந்து, பனியன் தைக்கும் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேலாக மிஷின் மிதிப்பவள். சூப்பர்வைசரே எதிர்த்துப் பேசப் பயப்படுகிற வாய். அந்த வாய், அரசாங்க கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி சொன்னதைக் கேட்டு அடைத்துப்போனது. இனிப்பு நீர் வியாதி இன்னும் வரவில்லையாம், எல்லையில் நிற்கிறதாம். சாப்பாட்டை மாற்றினால், முக்கியமாகக் காலைப் பசியாறலை மாற்றினால், வந்த வழியே திருப்பி அனுப்பிவிடலாமாம்.

அவளுக்கு அது விளையாட்டுப் பேச்சாகப் படவில்லை. கணவர் ஐயாசாமி லாரி ஓட்டியவர். இதே வியாதி முதலில் அவருடைய கால் விரலைத் தின்றது, பிறகு வலது பாதத்தை, கடைசியில் ஆளையே கொண்டுபோனது. அந்தக் காலுக்கு மருந்து வைத்துக் கட்டியவள் இவள்தான். தன் காலை யார் கட்டுவார்கள்? ஒரே மகள் லோஷினி சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு, எல்லைக்கு இந்தப் பக்கம் தம்போயில் அறை எடுத்திருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவாள்.

ஆகவே எண்ணெய் மினுங்கும் ரொட்டி சானாய்க்கும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்குக்கும் ஒரேயடியாக முழுக்குப் போட்டாள். அவித்த முட்டை ஒன்று, ஒரு கை கொண்டைக்கடலை, பாதித் தட்டுக்கு வெள்ளரியும் கீரையும், சீனியே போடாத வெறும் தேநீர். மாட்டுத் தீவனமா அக்கா என்று தொழிற்சாலையில் கேலி செய்தார்கள். அவள் அசரவில்லை. நாக்குக்கு வயதே ஆவதில்லை, நாம்தான் அதை அதட்டி வைக்க வேண்டும் என்றாள்.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை. ஐயாசாமியின் காரியம் முடிந்த நாளிலிருந்து, தினமும் காலை ஆறு மணிக்கு அவர் படத்துக்கு முன்னால் அவருடைய பசியாறலைப் படைப்பாள். தித்திக்கும் டின் பால் தாராளமாக ஊற்றிய தேநீர் ஒரு கிளாஸ், காயா ஜாம் தடவிய ரொட்டி இரண்டு துண்டு. உயிரோடு இருந்தவரை வேண்டாம் வேண்டாமென்று பிடுங்கி வைத்தது போதும், இனி எந்தச் சர்க்கரை அவரை என்ன செய்துவிடும்? விளக்கேற்றி, கண்ணை மூடிக் கும்பிடுவாள். திறக்கும்போது கிளாஸும் தட்டும் காலியாக இருக்கும்.

முதல் தடவை மயிர்க்கூச்செறிந்தது. எலியோ என்று மூலை முடுக்கெல்லாம் பார்த்தாள். எலி ரொட்டியைத் தின்னும், ஒரு சொட்டுச் சிந்தாமல் தேநீரைக் குடித்து வைக்குமா? விளிம்பில் உதடு பட்ட ஈரம் இருந்தது. கண் மூடுவது ஒரு நிமிஷம்தான் என்று அவளுக்குத் தோன்றும், கடிகாரமோ ஆறே முக்காலைக் காட்டும். இரண்டாம் வாரத்தில் பயம் தெளிந்துவிட்டது. மனுஷன் வருகிறார், அவ்வளவுதான். வெளியே சொன்னால் வராமல் போய்விடுவாரோ என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பயமுறுத்தியது வேறொன்று. ஐயாசாமியின் பழைய கருவியில் தினமும், தான் பசியாறுவதற்கு முன், விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பாள். ஆறுக்குக் கீழே இருக்க வேண்டிய எண் ஒன்பது காட்டும். ஒன்பதரை. ஒருநாள் பத்துக்கு மேல். பச்சைத் தண்ணீர்கூடப் படாத வெறும் வயிற்றில் இது எப்படி? மூன்று மாதம் கழித்து கிளினிக்கில் பார்த்த அளவும் ஏறித்தான் இருந்தது. இவள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்று மிஸ்ஸி நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. இன்னும் ஒரு படி ஏறினால் மாத்திரைதான் என்று எச்சரித்தாள். புஷ்பவள்ளி முனியாண்டி மேல் சத்தியம் செய்தாள். அவள் அறிந்தவரை அது பொய்ச் சத்தியமும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை வந்த லோஷினி, குப்பைத் தொட்டியில் டின் பால் டப்பாக்கள் குவிந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். யாருக்கு என்று கேட்டாள். அப்பாவுக்கு என்று பதில் வந்தது. மறுநாள் காலை மகள் கைப்பேசியோடு சமையலறைக் கதவுக்குப் பின்னால், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றாள். ஏழு மணிக்கு, தான் எடுத்த வீடியோவை அம்மாவிடம் நீட்டினாள்.

வீடியோவில் புஷ்பவள்ளி கும்பிட்டபடி நிற்கிறாள். ஐந்து நிமிஷம் அசைவே இல்லை. பிறகு, கண்ணைத் திறக்காமலே, வலது காலை விறைப்பாக நீட்டித் தரையில் உட்காருகிறாள். பாதம் போன பிறகு ஐயாசாமி உட்காருவது அப்படித்தான். இடது கையால் ரொட்டியை எடுத்துத் தேநீரில் முக்கி, சத்தம் போட்டு உறிஞ்சித் தின்கிறாள். இடது கைப்பழக்கம் ஐயாசாமிக்குத்தான். இவளுக்கு அந்தக் கையில் கரண்டி பிடிக்கவும் வராது. கிளாஸைக் காலி செய்து, புறங்கையால் வாயைத் துடைத்து, எழுந்து, பழையபடி கை கூப்பி நிற்கிறாள்.

"அம்மா, இது நீங்கதாம்மா. டாக்டர்கிட்ட போலாம்," என்று லோஷினி அழுதாள்.

புஷ்பவள்ளி அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை, புதுப்பெண்ணைப் போல வெட்கமும் சந்தோஷமும்தான் வந்தன. உங்கப்பாதான்டி, உட்காருவதைப் பார் என்று மகளுக்கே காட்டினாள். நான்காவது தடவை, நீட்டிக் கிடந்த அந்தக் காலின் மேல் கண் போனது. அது அவளுடைய கால். திங்கட்கிழமை டாக்டரிடம் போகலாம் என்று ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தன் தட்டையே அவருக்குப் படைத்தாள். அதே முட்டை, அதே கடலை, அதே வெறும் தேநீர்.

"ஏங்க, வர்றதா இருந்தா வாங்க. ஆனா இனிமே நான் பசியார்றதுதான் உங்களுக்கும். எனக்கு இந்தக் கால் வேணும்ங்க."

கண்ணை மூடித் திறந்தாள். கிளாஸ் நிறைய இருந்தது. மணி ஆறு ஐந்து. மறுபடி மூடி, வேண்டுமென்றே நெடுநேரம் நின்றாள். தேநீர் ஆறிச் சில்லிட்டுவிட்டது. ஒரு வாய்கூடக் குறையவில்லை.

லோஷினி வந்து அவள் விரலைக் குத்திப் பார்த்தாள். ஐந்து புள்ளி எட்டு. மகள் துள்ளிக் குதிக்காத குறையாக அவளைக் கட்டிக்கொண்டாள். புஷ்பவள்ளி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சாவு வீட்டில்கூட வராத அழுகை வெடித்துக்கொண்டு வந்தது.

"பசியோட அனுப்பிட்டேன்டி உங்கப்பாவ."