வெட்ட மறுத்த டாக்டர்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டர். பல வருஷமாக எனக்கு மூக்கடைப்பு. வாயைத் திறந்தபடியேதான் டிக்கெட் கொடுப்பேன். மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்து சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும். விட்டால் கொஞ்ச நேரம் திறக்கும், அப்புறம் முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். அப்படியே பழகிவிட்டிருந்தேன்.

ஒருநாள் மலை இறங்கும்போது பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். பிரேக் கருகுகிறதென்று ஜனங்கள் கத்தினார்கள். பின்சக்கரத்துக்கு நேர் மேலே நின்ற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தார். சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"அதும் மேலயே நின்னுகினு இருக்க. ஒனக்கு வாட வர்லியா?"

"எனக்கு எந்த வாடயும் தெரியாதுண்ணே."

அவர் திட்டவில்லை. "மொதல்ல போயி டாக்டரப் பாருப்பா" என்றார்.

அந்த வார லீவிலேயே போனேன். காது மூக்கு தொண்டை டாக்டரம்மா என்னைவிட வயதில் சிறியவர். என் சட்டைப் பையிலிருந்த சொட்டு மருந்தை வாங்கிப் பார்த்தார். மூக்குக்குள் மெல்லிய கேமரா குழாயை விட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டு பக்கமும் வெளிறிய சதை உப்பிக்கொண்டு வழியை மறித்திருந்தது.

"சதை வளந்துருக்குதுங்களா மேடம்?"

"வளரலைங்க. இந்த மடிப்பு எல்லாருக்கும் இருக்குது. உள்ள போற காத்த ஈரமாக்கி அனுப்பறதே இதுதான். ஒங்களுக்கு ஜாஸ்தியா வீங்கிப்போச்சி. தூசி ஒரு காரணம், அந்தச் சொட்டு மருந்து இன்னொரு காரணம்."

சொட்டு மருந்தை அன்றோடு நிறுத்தச் சொன்னார். வேறு ஸ்பிரே கொடுத்து, உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவவும் சொல்லித் தந்தார். முதல் சில நாள் மூச்சுக்குத் தவித்துப்போனேன். பிறகு கொஞ்சம் தேவலை. ஆனால் மாதங்கள் போயும் அடைப்பு முழுதாக விடவில்லை. அப்போதுதான், சதையைக் கொஞ்சம் சுருக்கிவிடலாமென்று ஆபரேஷன் பேச்சை எடுத்தார்.

"எதுக்கு மேடம் அரகொறயா? முழுசா வெட்டி எடுத்துருங்க. தொல்ல வுட்டுது."

"மாட்டேங்க" என்றார் உடனே. "மேல்தோல அப்படியே வுட்டுட்டு, உள்ள இருக்கற சதைய மட்டும் சூடு குடுத்துச் சுருக்கறேன். முழுசா எடுத்துட்டா மூக்கு காஞ்சிபோவும். வழி அகலமா இருக்கும், ஆனா காத்து போறதே ஒங்களுக்குத் தெரியாமப் பூடும்."

"இது திரும்ப வீங்காதுங்களா?"

"வீங்கலாம். வீங்குனா மறுபடி சுருக்கிக்கலாம். எடுத்தத திருப்பி வைக்க முடியாதுங்க."

தன் வேலையின் எல்லையை இவ்வளவு பளிச்சென்று சொன்ன ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. சரி என்றேன்.

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார். விழித்தபடி கிடந்தேன். "இப்ப சூடு தெரியும். பயப்படாதீங்க" என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொன்னார். சொன்னது சொன்னபடி நடந்ததால் பயம் தானாகவே அடங்கியது.

ஆனால் அதற்கப்புறம் மூக்கு முன்னைவிட அடைத்தது. பொருக்கு கட்டி, ரத்தமும் சளியுமாக வந்தது. கோபத்தோடு போய் நின்றேன்.

"இன்னாங்க மேடம், முன்னயே பரவால்லியே!"

"இப்படி ஆவும்னு சொன்னேனே. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று சிரித்தார். பொருக்குகளை வலிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்தார். வெளியே கூட்டம் காத்திருந்தது. அவர் கையில் அவசரமில்லை.

சில வாரம் கழித்து, நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. வழக்கமாக நடுவில் துப்பிவிட்டு மூச்சு வாங்குவேன். அன்று வாயை மூடியபடியே துலக்கி முடித்திருந்தேன். மூக்கு வழியாகக் காற்று சில்லென்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். மனைவி என்னவோ ஏதோவென்று ஓடிவந்தாள்.

கடைசித் தடவை போனபோது டாக்டரம்மா பார்த்துவிட்டு, "நல்லா ஆறிடுச்சி. இனிமே வர வேணாங்க" என்றார். நன்றி சொல்ல நிறைய யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் கதவருகே கூலிவேலை உடையில் ஒரு அம்மா தயங்கி நின்றார். டாக்டரம்மா எழுந்துபோய் அவரைக் கைப்பிடித்து உட்கார வைத்தார்.

"சொல்லும்மா, இன்னா பண்ணுது?"

நான் சத்தமில்லாமல் வெளியே வந்தேன்.