இடம் கேட்கப் போன வருசம்

காவலூருக்குக் கிழக்கே, மலைமேல் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலைக்கு நடந்தே போவார்கள். இருபது, இருபத்தைந்து பேர். போய்ச் சேர ஐந்து நாள் ஆகும். கார்த்திகை மழையில் மரத்தடியில் படுக்க முடியாது. அதனால் பத்து நாள் முன்பே ஒருவர் கீழே இறங்கி, வழியிலுள்ள ஊர்களில் தங்க இடம் கேட்டு வைத்துவிட்டு வருவார். எண்பதுகளின் தொடக்கம்வரை அந்த ஒருவர் என் கணவர்.

அவர் இடம் பார்ப்பதே தனி விதம் என்பார்கள். முதலில் கூரையை அண்ணாந்து பார்ப்பார். கிணறு எவ்வளவு தூரம், பெண்கள் ஒதுங்க மறைவு இருக்கிறதா, பக்கத்தில் சாராயக்கடை உண்டா என்றெல்லாம் விசாரிப்பார். நான் ஒரு வருசமும் கூடப் போனதில்லை. சாமை அறுப்பு இருக்கும், மாடு இருக்கும், மாமனார் வேறு படுக்கையில். "யாராச்சும் ஒருத்தர் வூட்ல இருக்கணுமில்ல" என்பார். நானும் சரி என்பேன்.

அந்த ஆடியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள். பாதி மலையிலேயே உயிர் போய்விட்டது, திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஐப்பசி கடைசியில், "இந்த வருசம் போவ வேணாம்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. நான் போய் இடம் கேட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. மாமனாரைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். துணைக்கு நாத்தனார் வந்தார், என் கணவரின் அக்கா.

மலைமேல் முதல் தங்கல் சொந்தக்காரர் ஊர். அங்கே கேட்க வேண்டியதில்லை. இறங்கியதும் சந்தவாசல். ஊர்க்கோடியில் ஒரு வேர்க்கடலைக் கொட்டகை. அந்த வீட்டம்மா எங்கள் மூட்டையைப் பார்த்தே மலைக்காரர்கள் என்று கண்டுகொண்டார்.

"இன்னாம்மா, இந்த தபா அவரு வரலியா? நீங்க யாரு?"

"நான் அவரு சம்சாரம்ங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீதானா? வருசா வருசம் சொல்வாரு, அடுத்த தபா வூட்டுக்காரியக் கூட்டிக்கினு வர்றேம்மான்னு. எங்க, பின்னால வர்றாரா?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. நாத்தனார்தான் சொன்னார். அந்த அம்மா என் கையைப் பிடித்தபடி கடலைக் கொடியின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

என்னிடம் என் கணவர் ஒரு நாளும் வா என்று சொன்னதில்லை. ஊரெல்லாம் சொன்னதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபம் வந்தது. செத்தவர்மேல் கோபப்பட்டு என்ன செய்வது? மூட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தேன்.

அடுத்து போளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வராந்தா. அங்கே வாத்தியாரிடம் நானே சொன்னேன். இரண்டாவது முறை சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

கலசப்பாக்கத்தில் எப்போதும் தங்குவது ஒரு ரைஸ்மில் வளாகம். மில்காரரின் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. தையில பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். இந்த நேரத்துல நீ வந்து..."

"நாங்க பின்னால நெல்லு காயவைக்கிற எடத்துலதானங்க படுக்கப்போறோம்" என்றார் நாத்தனார்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. வூட்ல பெரியவங்க இருக்காங்க."

எங்கள் மலையில் புருசன் போனவளை அப்படி ஒதுக்குவது வழக்கமில்லை. அவர் சொன்னதன் அர்த்தம் தெருவுக்கு வந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை நான் புருசனைப் பறிகொடுத்தவள், அவ்வளவுதான். இப்போது ஆகாதவளாகவும் ஆகிவிட்டேன்.

"நான் இங்கியே நிக்கிறேன். நீங்க மட்டும் போய்க் கேளுங்க" என்றேன்.

"நீ வரக்கூடாத எடம் நமக்கெதுக்கு? நட" என்றார் நாத்தனார்.

மூன்று இடம் கேட்டோம். ஏதேதோ காரணம் சொன்னார்கள். கடைசியில், எங்கள் ஊர்ப் புளியை வாங்கும் மண்டிக்காரர் கிடங்கைத் திறந்து காட்டினார். "மூட்டைய ஓரமா தள்ளிட்டுப் படுத்துக்குங்க. ஒரு பக்கம் ஒழுவும்."

பத்து நாள் கழித்து எல்லோரும் நனைந்தபடி அந்தக் கிடங்குக்குள் நுழைந்தபோது ஒரு பக்கம் இல்லை, இரண்டு பக்கமும் ஒழுகியது. நீட்டிப் படுக்க இடமில்லாமல் மூட்டைகளில் சாய்ந்து உட்கார்ந்தோம். சித்தப்பா முறையில் ஒருவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "அவன் இருந்தா இப்படி ஒரு எடத்தையா பாத்திருப்பான்" என்றார். என்னைக் குத்திச் சொல்லவில்லை. அவரும் என் கணவரோடு பல வருசம் நடந்தவர்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மில்காரர் மனைவி ஒரு அண்டா நிறைய ரசஞ்சோறு எடுத்துக்கொண்டு வந்தார். வாசலிலேயே இறக்கி வைத்தார்.

"சூடா இருக்கு. எல்லாரும் சாப்புடுங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நானே எல்லோருக்கும் பரிமாறினேன். நாத்தனார் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். எனக்குப் பசித்தது, சாப்பிட்டேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. ஆடியிலிருந்து அதுவரை அப்படி அழுததில்லை.

மறுநாள் சாயங்காலம் தீபம் ஏற்றினார்கள். ஜனங்கள் எழுப்பிய சத்தத்தில் எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியாமல் நின்றேன். நாத்தனார் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். உச்சியில் சின்னதாக ஒரு வெளிச்சம். கும்பிட்டேன், எதையும் கேட்கவில்லை.

அடுத்த வருசம் இடம் கேட்க ஒரு ஆம்பிளையை அனுப்பலாம் என்று ஊரில் முடிவு செய்தார்கள். என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். நானும் சரி என்றேன். கார்த்திகை வந்தது, அவர்கள் கிளம்பிப் போன காலையில் நான் மாட்டை அவிழ்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தேன்.