இரண்டு விசில்

ஐயப்பன்தாங்கலில் ஞாயிறுதோறும் பெரியவர்களுக்குக் கணினி வகுப்பு எடுத்தேன். திரையில் வண்ணக் கட்டைகளை அடுக்கிப் பூனையை ஓடவைப்பது முதல் பாடம். ஒருநாள் காக்கிச் சட்டையோடு ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். ஒவ்வொரு கட்டையை வைக்கும் முன்பும், எல்லோரும் ஏறிவிட்டார்களா என்பதுபோலப் பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

ஒன்று என்ற எண்ணை அழுத்தினால் பூனை ஓட வேண்டும், இரண்டை அழுத்தினால் நிற்க வேண்டும் என்றேன். அவர் மாற்றி அடுக்கியிருந்தார்.

“தப்பு,” என்றேன், எல்லோர் முன்னாலும்.

“ஒரு விசிலுக்கு வண்டி நிக்கணும் சார், ரெண்டு அடிச்சாதான் கெளம்பணும். மாத்தி அடிச்சா ஏறிகினு கீறவன் வுழுந்துடுவான்.”

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்காமல் கட்டைகளை நான் சொன்னபடி மாற்றிவைத்தார். மறுவாரம் வரவில்லை.

இப்போதும் பஸ்ஸில் இரண்டு விசில் கேட்டால் கண்டக்டரின் முகத்தைப் பார்க்கிறேன். அவராக இருப்பதில்லை. என் வகுப்பில் பூனை இப்போது ஒன்றுக்கு நிற்கிறது, இரண்டுக்கு ஓடுகிறது.