வீதம் சரி, எண்ணிக்கை குறைவு: என் பி-செல் அறிக்கைக்கு ஒரு திருத்தம்

இன்று காலை பத்தரை மணிக்கு உறுதியானது: என் இரத்தத்தில் பி-செல்கள் இன்னும் வழமையான அளவுக்கு வரவில்லை.

தகவல் தந்தவர், மன்னார் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் என்னைப் பார்க்கும் வைத்தியர்.

ஆகவே போன செவ்வாய்க்கிழமை நான் எங்கள் ஊரான பள்ளிமுனை முழுக்கச் சொன்ன செய்தி பிழை. முப்பது வருடம் நிருபராக இருந்தவன் திருத்தம் போடாமல் இருக்க முடியாது.

பின்னணி தெரியாதவர்களுக்கு: மூட்டுவாதத்துக்காகப் போன வருடம் எனக்கு ஓர் ஊசி மருந்து ஏற்றினார்கள். அது பி-செல்களைத் துடைத்துவிடும். கிருமிக்கு எதிரான மருந்தை உடம்பே தயாரிக்கத் தேவையான வெள்ளணு வகை அது. அது இல்லாத மாதங்களில் இரண்டு தரம் நெஞ்சுச் சளியோடு வார்டில் கிடந்தேன்.

(இரண்டு தரமும் பார்க்க வந்தவர், பக்கத்து வீட்டு றீற்றா அக்கா ஒருவர்தான். இரண்டாம் தரம் அவர் வந்தது வேறு யாரையோ பார்க்க.)

மகள் இருப்பது தமிழ்நாட்டில். அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டினாள். மனைவியையும் அங்கேதான் அடக்கம் செய்தோம். சண்டை முடிந்தபின் நான் மட்டும் திரும்பி வந்தேன்.

வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் நான். மற்றதில் ஒரு கட்டிலும், பொலித்தீன் கழற்றாத மெத்தையும்.

மகள் நான்கு வயதுப் பேரனோடு வந்து ஒரு மாதம் நிற்பதாக இருந்தது. பையன் பாலர் வகுப்புக்குப் போகிறான், எந்த நேரமும் சளி. வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார்: "சளிப்பிள்ளையோட ஒரே வீட்டில இருக்கிறதெண்டால், முதல்ல பி-செல் வரட்டும்."

அதற்காகத்தான் கொழும்புக்குப் போய் இரத்தம் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை அறிக்கை போனுக்கு வந்தது. முதல் வரியில் பி-செல் வீதம், அதாவது வெள்ளணுக்களில் நூற்றுக்கு எத்தனை என்பது. பக்கத்தில் வழமையான எல்லை. என்னுடையது எல்லைக்குள் இருந்தது.

வாய்விட்டு வாசித்தேன். கேட்க ஆளில்லாததால் இன்னொரு தரமும் வாசித்தேன்.

பிறகு மகளுக்கு வைபரில் அழைத்தேன். "நோர்மலாம். டிக்கெட்டைப் போடு பிள்ளை."

"நிஜமாவாப்பா? டாக்டர் சொன்னாரா?"

"அறிக்கை சொல்லுது."

பேரன் போனைப் பறித்தான். "தாத்தா, உங்க ஊர்ல ரோட்டுல கழுதை நிக்குமாமே? நான் தொடலாமா?"

"ரெண்டு கையாலயும் தொடலாம் ராசா."

அன்று பின்னேரமே முற்றத்தில் வைத்து மெத்தையின் பொலித்தீனைக் கழற்றினேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து றீற்றா அக்கா கேட்டார்: "என்ன நிருபர், பொம்பிளை பாக்கிறியளோ?"

"பேரன் வாறான் அக்கா. இரத்தம் நோர்மல்."

"உங்கட இரத்தமோ? அது எப்ப நோர்மலாய் இருந்தது?"

இன்று வைத்தியர் அறிக்கையை வாங்கி, நான் பார்த்த வரியைத் தாண்டிக் கீழே போனார்.

"வீதம் சரி ஐயா. எத்தினையில இந்த வீதம் எண்டு பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை.

"நீங்கள் போடுற ஸ்டீரொயிட் குளிசை மற்ற வெள்ளணுக்களையும் குறைச்சுப்போட்டுது. மொத்தம் குறைஞ்சால், கொஞ்சப் பி-செல்லும் வீதத்தில பெரிசாத்தான் தெரியும். எண்ணிக்கையைப் பாருங்கோ. கீழ் எல்லைக்கும் கீழ."

இதே கேள்வியைத்தான் மீள்குடியேற்றக் கூட்டங்களில் எழும்பி நின்று நான் கேட்பேன். இத்தனை வீதம் குடியேற்றியாயிற்று என்று மேடையில் வாசிப்பார்கள். "மொத்தம் எத்தினை குடும்பத்தில, ஐயா?" என்பேன். கடலுக்கு அக்கரையில் இருந்து இன்னும் வராதவர்கள் மொத்தத்தில் இல்லை என்றால், வீதம் தானாக ஏறும். என் மகள் அப்படி எந்தக் கணக்கிலும் இல்லாத ஒருத்தி.

என் சொந்த அறிக்கைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்த முதல் வரியோடு நிறுத்த விரும்பினேன், நிறுத்தினேன்.

வைத்தியர் இன்னொன்றும் சொன்னார். எண்ணிக்கை வழமைக்கு வந்தாலும் அதோடு முடியாதாம். அந்தச் செல்கள் வேலை செய்கின்றனவா என்று அறிய, எதிர்ப்புப் புரதங்களையும் அளக்க வேண்டும். எல்லைகளும் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் மாறும். அதனால் அடுத்த தரமும் அதே இடத்தில் கொடுக்கச் சொன்னார்.

(அறிக்கை கையில் உள்ளவர்கள் இரண்டு வரியையும் பாருங்கள். பார்த்துவிட்டு வைத்தியரிடம் கேளுங்கள். என்னிடம் கேட்க வேண்டாம்.)

கிளினிக் வாசல் வாங்கிலில் உட்கார்ந்தபடியே மகளுக்கு அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"பரவால்லப்பா. தேதி மாத்திக்கலாம். சாப்பிட்டீங்களா?"

"ஓம்" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

நிலுவையில் உள்ளவை: மூன்று மாதத்தில் மறு பரிசோதனை. முடிவு வர அதன்பின் பத்து நாள். வந்ததும் முதலில் வைத்தியர், பிறகு மகள், அதன் பிறகுதான் றீற்றா அக்காவும் நீங்களும்.

கடைசியாகப் பேரன் போனை வாங்கிக் கேட்டான்: "அதுவரைக்கும் கழுதை அங்கயே நிக்குமா தாத்தா?"

நிற்கும் என்றேன். இந்தப் பதிவில் உறுதிசெய்யாமல் நான் கொடுக்கும் தகவல் அது ஒன்றுதான்.