தூதன் சொல்லாத செய்தி

வகுப்புக்குள் நுழைந்ததும், வணக்கம் வாங்குவதற்கு முன்பே, பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ள ஆரம்பித்துவிடுவார். நடுவில் இடம் காலியானால்தான் இலக்கிய டீச்சருக்கு மூச்சு வரும். "நாடகம் உக்காந்து படிக்கிற சமாச்சாரம் இல்ல. எந்திரிங்க!"

முப்பதைத் தாண்டியவர். முடியை ஒதுக்கி ஒதுக்கிக் காதோரம் எப்போதும் சாக்பீஸ் தூள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன நாடகாசிரியரைப் பக்கத்து வீட்டுக்காரரைப் போல 'நம்ம ஆளு' என்றுதான் சொல்வார். "எதைச் சொல்லணும்னு எல்லாருக்கும் தெரியும். எதைச் சொல்லக் கூடாதுன்னு நம்ம ஆளுக்குத்தான் தெரியும்."

வீட்டிலும் இதே கதைதான். கணவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனால், "வசனம் முடியறதுக்குள்ள கிளம்பிட்டீங்களே, திரும்ப வாங்க" என்பார். அவரும் சிரித்துக்கொண்டே வந்துவிடுவார்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவ்வளவு எளிதில் மசியவில்லை. பரீட்சைக்குக் கதைச்சுருக்கம் போதும் என்பது அவர்கள் கட்சி. தலைமையாசிரியரும் அந்தக் கட்சிதான். "நானே வந்து பாக்குறேன். வெறும் கூத்துன்னு பட்டுச்சுன்னா, சுருக்கத்தை மட்டும் நடத்திட்டுப் போயிடணும்" என்று கறாராகச் சொல்லியிருந்தார். ஒரு நாள் வாசலில் வந்தும் நின்றார்.

அன்று போர்க்களத்திலிருந்து தூதன் வரும் காட்சி. மகன் இறந்த செய்தியோடு வந்தவனைப் பார்த்துத் தாய், "சாப்பிட்டாயா?" என்கிறாள். தாயாக நின்ற நெட்டைப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இந்த நேரத்துல சாப்பாடா? இவ என்ன லூசா டீச்சர்?"

டீச்சர் வாசல் பக்கம் திரும்பினார். "சார், இன்னிக்குத் தூதன் லீவு. கொஞ்சம் வர்றீங்களா?"

வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. மறுக்க முடியாமல் உள்ளே வந்தவர், வசனத்தாளைக் கையில் வாங்கி, "அம்மா, உங்கள் மகன்..." என்று சுற்றறிக்கை வாசிப்பதுபோல ஆரம்பித்தார்.

"தாளைப் பாக்காதீங்க சார். அந்தம்மா முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

நிமிர்ந்து பார்த்தார். "அம்மா... உங்கள் மகன்..."

நெட்டைப் பெண்ணுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. அவசரமாகக் குறுக்கே விழுந்து கேட்டாள்: "சாப்பிட்டாயா?"

அடுத்த வரி கையில்தான் இருந்தது. தலைமையாசிரியர் தாளைத் தாழ்த்திவிட்டார்.

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு டீச்சர்," என்றான் சுவரோரம் நின்ற ஒருவன். "அதான் அவனைச் சொல்ல விடமாட்டேங்குறா."

"ஆங்! மறுபடியும், முதல்லேருந்து."

அதற்குள் மணி அடித்துவிட்டது. ஒருவரும் பையை எடுக்கவில்லை. தலைமையாசிரியர் தாளில் முதல் வரியைத் தேடிக்கொண்டிருந்தார். வெளியே இரைச்சல் கிளம்பியது. அவர்கள்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், டீச்சர் கையைப் பின்னால் நீட்டிச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.