மேரியின் மோதிரம்

வாதாம் பழம் காலில் மிதிபட்டு நசுங்கும்போது ஒரு புளித்த வாசம் வரும். எனக்கு அதுதான் இங்கிலாந்தின் வாசம். சிரிக்காதீர்கள். பாரிவாக்கத்தில் பெரியம்மா வீட்டு வாசலில் நின்ற வாதாமரத்தடியில்தான், பள்ளி விடுமுறை நாளெல்லாம், எலிசபெத் இங்கிலாந்துக்கு ராணியானாள்.

பெரியம்மா என்றால் என் அப்பாவின் முதல் மனைவி. என் அம்மா இரண்டாமவள். அம்மா காய்ச்சலில் போய்விட்ட பிறகு, அம்பத்தூர் கம்பெனியில் ஷிப்டுக்கு ஓடிக்கொண்டிருந்த அப்பா, என்னை எங்கே விடுவதென்று தெரியாமல், ஒரு மழைநாளில் என்னையும் ஒரு துணிப்பையையும் அந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே சண்டை. அந்த வீட்டில் எனக்கு இடம் உண்டா இல்லையா என்பதுதான் சண்டை என்று ஏழு வயதிலும் புரிந்தது. படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் வெளியே வந்தது செல்வி அக்கா, பெரியம்மாவின் மகள், பள்ளியில் வரலாறு எடுத்துப் படித்துக்கொண்டிருந்தவள். அவள் என்னை வெறுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவள் அம்மாவை அழவைத்தவளின் பெண் நான். அவளோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இன்னாடி, எலிசபெத்து மாதிரி படிக்கட்டுல குந்திகினு கீற?" என்றாள். யார் அது என்று கேட்டேன். "உள்ள வந்தாத்தான் சொல்லுவேன்." கதைக்காகத்தான் அந்த வீட்டுக்குள் போனேன்.

என் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "ஒரு ராஜா. மொத பொண்டாட்டிய தள்ளிவெச்சிட்டு இன்னொருத்திய கட்டிகினான். மூத்தவளுக்கு ஒரு பொண்ணு, மேரி. எளையவளுக்கு ஒரு பொண்ணு, எலிசபெத்து. அந்தக் கொயந்தைக்கு மூணு வயசு ஆவறதுக்குள்ள அவ அம்மா தலைய வெட்டச் சொல்லிட்டான் படுபாவி." சமையலறையிலிருந்து பெரியம்மா, "எல்லா ஊரு ஆம்பளயும் ஒரே மாதிரிதான் கீறானுங்க" என்று அப்பாவின் காதில் விழும்படி சொன்னாள், சொன்ன கையோடு எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

மிச்சக் கதை நாள்கணக்கில் வந்தது. ராஜாவுக்குப் பின் பட்டத்துக்கு வந்தவன், இன்னொரு மனைவிக்குப் பிறந்த அவர்கள் தம்பி, சின்ன வயதிலேயே இறந்துபோக, மேரி ராணியானாள். தன்னைக் கவிழ்க்கச் சதி செய்ததாகச் சந்தேகப்பட்டுத் தங்கையைக் கோட்டைச் சிறைக்கு அனுப்பினாள். அந்தச் சிறை வாசலில்தான் எலிசபெத் மழையில் உட்கார்ந்து, உள்ளே வர மாட்டேன் என்று அடம்பிடித்தாள். சாட்சி கிடைக்காமல் தலை தப்பியது. மேரிக்குப் பிள்ளையில்லை. அவள் இறந்ததும் அவள் விரல் மோதிரத்தைக் கழற்றி, தோட்டத்து மரத்தடியில் இருந்த தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். அப்படித்தான் எலிசபெத் ராணியானாளாம்.

எங்கள் "ராணியாட்ட"த்தில் அக்கா மேரி, நான் எலிசபெத். படத்தில் எலிசபெத் கழுத்தில் இருக்கும் மடிப்புப் பட்டைபோல, செய்தித்தாளை விசிறி மாதிரி மடித்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்வேன். அக்கா ஓலை மோதிரம் ஒன்றைத் தூக்கிப்போட்டு, "மேரி செத்துட்டா, நீ ராணி, போ, போய் தண்ணி புடி" என்பாள். ஆனால் எனக்கு வேண்டியது திருவேற்காட்டுக் கோயில் கடையில் வாங்கி அவள் போட்டிருந்த சிவப்புக்கல் மோதிரம். "நான் செத்தாத்தான்டி அது உனக்கு. கதையில அப்படித்தான் கீது."

என் நச்சரிப்பு தாங்காமல் ஒரு நாள் ஒழுங்காகவே செத்தாள். மரத்தடியில் நீட்டிப் படுத்து, கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டாள். மோதிரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டு, "நான்தான் ராணி" என்று மரத்தைச் சுற்றி வந்தேன். அவள் அசையவில்லை. அம்மாவும் அப்படித்தான் படுத்திருந்தாள். ஓடிப்போய் மோதிரத்தை அவள் விரலிலேயே திணித்து, "எனக்கு வேணாம்க்கா, எய்ந்துருக்கா" என்று கதறினேன். சிரித்துக்கொண்டே எழுந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நான் எங்கடி போவப் போறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மதத்தின் பேரால் மேரி எத்தனையோ பேரை உயிரோடு எரிக்கவைத்தவள் என்பதெல்லாம் பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது. அக்கா அதைச் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். இன்றும் மேரியை யாராவது திட்டினால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தச் சகோதரிகள் இருவரும் ஒரே கல்லறையில்தான் கிடக்கிறார்களாம். அக்கா இருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்.

போன ஆடியில் அக்கா போய்விட்டாள். பழைய வீட்டை இடித்துக் கட்டிய அடுக்குமாடியில்தான் கடைசிவரை இருந்தாள். மரம் நின்ற இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். காற்று அடித்தால் சிமென்ட் தூசிதான் வருகிறது. காரியம் முடிந்து நான் கிளம்பியபோது, அக்கா மகள் அங்கே ஓடிவந்து என் கையில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தாள். "சித்தி, இத்த உன்னாண்ட குடுக்கச் சொல்லிச்சி அம்மா. இன்னான்னு உனக்கே தெரியும்னு சொல்லிச்சி."

கல்லின் சிவப்பு வெளுத்திருந்தது. சுண்டுவிரலில் கூட ஏறவில்லை. "எனக்கு வேணாம்க்கா" என்று வாய்விட்டே சொன்னேன். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.